முதல்வர் வழியாக வந்த பதில்கள்

1

ராஜபாளையத்துக் கல்லூரி முதல்வர் அவர்களே, தங்கமாரி என்ற பெண்ணின் பட்டயத்தைக் கெடுத்தது நீங்கள். அவளைத் தோற்கடித்துவிட்டு அவள் எழுதியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டவர் இங்கே, நெதர்லாந்தில் இருக்கிற பேராசிரியர். இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே அளவு கோபம்தான். நீங்கள் எங்கள் ஊர்க்காரர், அதனால் முதலில் உங்களைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். போடவில்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நான் நெதர்லாந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துகிற வேலை இல்லை. வகுப்பறையில் மைக் வைப்பது, படம் காட்டும் கருவியைப் பொருத்துவது, வெளியூரோடு பேசத் தொலைபேசி இணைப்புக் கொடுப்பது, இதுதான் என் வேலை. அன்றைக்கு இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷம் நிறைந்த நாள். என் மனைவி சாராள் காலையில் கேக் வெட்டினாள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

'நீடித்த சர்வதேச வளர்ச்சி' என்ற கணினி வழிப் பாடத்துக்குப் புது மாணவர்கள் சேரும் நாள் அது. பேராசிரியரின் கணினியைத் திரையோடு இணைத்துவிட்டுச் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். திரையில் 'முறைத் தண்ணீர்' என்று இருந்தது. நம் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள். தென்னிந்தியாவில் ஒரு கண்மாய்ப் பாசனக் கிராமத்தில், ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் வயலுக்கு முறை வைத்து வரும் தண்ணீரை எப்படிக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய பாடம். அதன் கீழே இரண்டு பெயர்கள். ஒன்று பேராசிரியருடையது. இன்னொன்று உங்களுடையது.

மூன்றாவது பெயர் இருக்கிறதா என்று திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இல்லை.

"தெளிவாகத் தெரிகிறதா?" என்று பேராசிரியர் பின்வரிசையிலிருந்து கேட்டார்.

"ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது" என்றேன்.

2

ஊரில் பலருக்கு என்னைத் தெரியாது. அவர்களும் படிக்கத்தான் இது, அதனால் இனி உங்களை முதல்வர் என்றே எழுதுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மின்பணி உதவியாளாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவேன். மடவார் வளாகத்தில் சாராள் வீடு. அவள் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். என்னைக் கேட்டால் இதுதான் கதை. என் மாமனாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

இந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ராத்திரி பகலாகப் பம்பு ஓட்டி தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் மூழ்கிவிடும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் பகல் ஷிப்டையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். இங்கே வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயைப் பார்த்து முதல் வருஷம் முழுக்க எரிச்சல்பட்டேன். தண்ணீரை வெளியே தள்ளத் தெரிந்தவர்கள், தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் பாடம் சொல்ல வந்ததுதான் இந்தக் கதையின் தொடக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காத்திருக்கிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்கியிருந்தால்.

வந்த புதிதில் குடியுரிமை அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் உண்டு. அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாடு என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. என் அப்பா மதுரையைத் தாண்டியதில்லை. இங்கே அவர் பெயரில் வண்டி ஓட்டும் உரிமம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, நூலக அட்டை இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் மற்றவரிடம் போகச் சொன்னார்கள். விட்டுவிட்டேன்.

மொழியும் அப்படித்தான். இவர்கள் பேச்சில் மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல். நான் மாற்றிப் பிடித்துக்கொண்டேன். என் மேலாளரை வருஷக்கணக்கில் 'நீ' என்றும் அவருடைய நாயை 'நீங்கள்' என்றும் கூப்பிட்டிருக்கிறேன். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது. ஊரில் மில் மேஸ்திரியை ஒரு தடவை 'நீ' என்றிருந்தால் அன்றைக்கே வாசலுக்கு வெளியே நின்றிருப்பேன். இந்த வித்தியாசம் சிரிப்பதற்கு மட்டும்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

3

இரண்டு வருஷத்துக்கு முன் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "ராஜபாளையம் உங்கள் ஊர்தானே? அங்கே ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்" என்றார். கணினி வழியாக ஒரு பட்டயப் படிப்பு. இங்கத்து மாணவர்களும் அங்கத்து மாணவர்களும் ஒரே பாடத்தைப் படிப்பார்கள். வாராவாரம் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தன் சொந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதி இ-மெயிலில் அனுப்ப வேண்டும். அதன் மேல் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கடைசியில் இரண்டு நிறுவனமும் சேர்ந்து பட்டயம் கொடுக்கும். யாரும் விமானம் ஏற வேண்டாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த ஊரில் உட்கார்ந்தபடியே ஒருத்தி இங்கே படிக்கலாம் என்றால் லேசான காரியமா?

ஒப்பந்த விழாவின் புகைப்படங்களைக் காட்டினார். பொன்னாடை. மூக்குவரை மாலை. மேடையில் பதினோரு நாற்காலி. அந்தப் படங்களில் மாணவர் ஒருவர்கூட இல்லை. பால்கோவா டப்பா ஒன்றைத் திறக்கத் தெரியாமல் கொண்டுவந்திருந்தார். திறந்து கொடுத்தேன்.

"உங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். நான் சொன்ன எதையும் மறுக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள்" என்றார்.

"மேடையில் சரி என்றுதான் சொல்வார்கள். பிறகு தனியாகக் கேட்டீர்களா?" என்றேன்.

"நேரம் இல்லை" என்றார். பால்கோவா இனிப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு நான்கு கரண்டி சாப்பிட்டார்.

4

போன வருஷம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கல்லூரிக்குப் போனேன். கணினி இருக்கும் அறை முதல்வர் அறைக்கு அடுத்தது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கணினிக்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். திரையின் நெற்றியில் சந்தனப்பொட்டு. அலுவலகத் தட்டச்சர் சிக்கந்தர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவரும் ராஜபாளையம்தான். அவர் வாப்பா பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

"மாணவர்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு இங்கன என்ன வேலை?" என்றார் சிக்கந்தர்.

"அவர்கள்தானே பாடம் படிக்கிறார்கள்?"

"அண்ணே, நான் சொல்லுதேன் கேளுங்க. பதினாலு பிள்ளைகளும் பதிலைத் தாள்ல எழுதி, 'பெறுநர்: பேராசிரியர், வழி: முதல்வர்'னு போட்டு ஆபீஸ்ல குடுப்பாங்க. அது ஆங்கிலத் துறைத் தலைவர் கிட்டப் போகும். அவர் திருத்துவாரு. திருத்துவாருன்னா லேசாவா? தாள் செவப்பாயிரும். பொறவு முதல்வர் கையெழுத்து. பொறவு எங்கிட்ட வரும். சனிக்கிழமை நான் உக்காந்து எல்லாத்தையும் அடிச்சு, மதுரை இன்டர்நெட்டுக்கு போன் லைன் போட்டு ஒரே மூச்சுல அனுப்பிருவேன்."

"யார் பெயரில் போகும்?"

"முதல்வர் பேருலதான். கணினி அவர் பேருலதான இருக்கு. வேற யார் பேருல போகும்?"

"சிக்கந்தர், இது ஒவ்வொருத்தரும் தானே எழுத வேண்டிய பாடம்."

"அவுகதான எழுதுதாக? நாங்க அனுப்புதோம். காலேஜை விட்டு வெளிய போற கடுதாசி எதுவா இருந்தாலும் மொதல்வர் வழியாத்தான் போகணும். லீவு லெட்டரே அப்படித்தான். வெளிநாட்டுக்குப் போறது சும்மா போயிருமா?" என்று என்னை ஏதோ விவரம் தெரியாதவன் மாதிரிப் பார்த்தார். "ஒரு பிள்ள தப்பா இங்கிலீசு எழுதி, அந்த வெள்ளக்காரர் சிரிச்சார்னா யாருக்கு அசிங்கம்? காலேஜுக்குத்தான அசிங்கம்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நம் ஊர் நடைமுறை. பள்ளிக்கூடம், மில், தாலுகா ஆபீஸ் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. கீழே இருக்கிறவன் நேராக மேலே எழுதக் கூடாது. எழுதினால் அது குற்றம். பிள்ளையின் நல்லதுக்குத்தான் திருத்துகிறோம் என்று எல்லோரும் மனதார நம்புகிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் செய்தால் பிடித்து உலுக்கலாம்.

5

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முதுகலை முடித்தவள். தேவதானம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அப்பா இல்லை. அம்மா கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறாள். பிளவக்கல் அணைப் பக்கம் விவசாயிகள் சங்கங்களோடு வேலை செய்யும் ஒரு திட்டத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது அவளுக்கு. இந்தப் பட்டயத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள். அவள்தான் தங்கமாரி.

"அண்ணாச்சி, அந்தப் பேராசிரியர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாங்க எழுதுனதுக்கு அவர் பதில் போடுதாரா, எங்க சார் எழுதுனதுக்குப் பதில் போடுதாரா?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"பின்னே? எங்க ஊர்க் கண்மாயில சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, மடைப்பலகை ஒடஞ்சு போச்சுன்னு எழுதுனேன். போனது என்ன தெரியுமா? 'நீர்வளத்தைப் பேணுவது காலத்தின் கட்டாயம்.' பதினாலு பேருக்கும் காலத்தின் கட்டாயந்தான். கருவேலத்தக் காணல, மடையக் காணல."

"துறைத்தலைவரிடம் கேக்கலையா?"

"கேட்டேனே. 'ஏட்டி, கருவேலம் முள்ளுன்னு எல்லாம் வெளிநாட்டுக்கு எழுதினா ஊரப் பத்தி என்ன நெனப்பான்'னாரு."

ஒரே ஒரு பதில் மட்டும் தப்பித்திருக்கிறது. ஒரு வாரம் துறைத்தலைவர் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போய்விட்டார். முதல்வர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சிக்கந்தர் தாளில் இருந்ததை இருந்தபடியே அடித்து அனுப்பிவிட்டார். அந்த வாரம் தங்கமாரி எழுதியதுதான் தண்ணீர் முறை பற்றியது. பிழையான ஆங்கிலம்தான். ஆனால் அவள் ஆங்கிலம். இரண்டே நாளில் பேராசிரியரிடமிருந்து பக்கம் பக்கமாகக் கேள்வி வந்ததாம். இதைப் போல ஒன்றை இதுவரை படித்ததில்லை, இன்னும் எழுதுங்கள் என்று. கல்லூரியே கூடி நின்று பார்த்திருக்கிறது.

"பொறவு என்னாச்சு?"

"சார் மதுரையில இருந்து வந்துட்டாக. கேள்விக்கெல்லாம் அவுகளே பதில் எழுதிட்டாக" என்றாள். கோபமாகச் சொல்வாள் என்று பார்த்தேன். சிரித்தாள். "அதுல எங்க அம்மை வயல்ல சொட்டுநீர்ப் பாசனம் போட்டிருக்கோம், அண்ணாச்சி. எனக்கே தெரியாது."

6

படிப்பு முடிகிற சமயத்தில் இங்கே ஒரு குழு உட்கார்ந்தது. ராஜபாளையத்துப் பதில்கள் எல்லாம் ஒரே முகவரியிலிருந்து, ஒரே நாளில், ஒரே நடையில் வந்திருக்கின்றன, ஆகவே எழுதியது ஒரே ஆள் என்று முடிவு செய்தார்கள். பதினாலு பேருக்கும் பட்டயம் இல்லை. இதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. தங்கமாரிக்குச் சொன்ன காரணம்தான் என்னால் தாங்க முடியாதது. அவளுடைய மற்றப் பதில்கள் நல்ல ஆங்கிலத்தில் இருக்கின்றனவாம். முறைத் தண்ணீர் பற்றியது மட்டும் மோசமான ஆங்கிலமாம். ஆகவே அது வேறு யாரோ எழுதியதாம். அவள் சொந்தமாக எழுதிய ஒன்றே ஒன்றைக் காட்டி, இது உன்னுடையது இல்லை என்றார்கள்.

நான் பேராசிரியரிடம் போய்க் கத்தினேன். 'வழி: முதல்வர்' என்றால் என்ன என்று விளக்கினேன். நம்பவில்லை. வளர்ந்த மனிதர்கள் ஏன் தாங்களே அனுப்பாமல் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆனாலும் தங்கமாரிக்கு மட்டும் தொலைபேசியில் வாய்மொழித் தேர்வு வைக்க ஒப்புக்கொண்டார். அவளையே பேசச் சொல்ல வேண்டும், தனியாக இருக்க வேண்டும் என்று கல்லூரிக்கு எழுதினார்கள். அதற்கும் சரி என்று பதில் வந்தது.

இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். மேஜை மேல் ஒலிபெருக்கித் தொலைபேசியை நான்தான் வைத்தேன். பேராசிரியர், இன்னொரு ஆசிரியர், தேர்வுத் துறைப் பெண்மணி ஒருவர். எண்ணைச் சுழற்றினேன். எடுத்தது முதல்வர்.

வணக்கம் சொன்னார். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிமுகம் செய்தார். துறைத்தலைவர், நிர்வாகக் குழுச் செயலாளர், நூலகர், உடற்கல்வி இயக்குநர். உடற்கல்வி இயக்குநருக்கு அங்கே என்ன வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தங்கமாரி இருக்கிறாரா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அவளும் இருக்கிறாள்" என்றார் முதல்வர்.

உங்கள் குடும்பம் தன் தண்ணீர் முறையை எப்படிப் பயன்படுத்துகிறது என்று முதல் கேள்வி. அந்தப் பக்கம் குசுகுசுவென்று சத்தம். பிறகு துறைத்தலைவரின் கணீர்க் குரல், ஆங்கிலத்தில்: "தேர்வர் சொல்ல விரும்புவது என்னவென்றால், நீர் மேலாண்மை என்பது..."

"அவருடைய குரலைக் கேட்கலாமா?" என்றார் பேராசிரியர்.

"தாராளமாக. அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்" என்றார் முதல்வர்.

என்னால் பொறுக்க முடியவில்லை. குனிந்து தமிழில் கத்தினேன். "சார், போனை அந்தப் பிள்ள கையில குடுங்க!"

"யாரு, தம்பியா? நல்லா இருக்கீயளா? சாராளு சுகமா? ஊருக்கு எப்ப வாரீய?"

"சார், பரீட்ச நடக்கு! போனக் குடுங்க!"

ஒருவழியாகக் கொடுத்தார். "அண்ணாச்சி, எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காக. நான் மட்டும் நிக்கேன்" என்றாள் மெதுவாக. பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம் சொல்வதற்குள் துறைத்தலைவர் குறுக்கே இலக்கணம் திருத்தினார். அவள் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி திருத்தினார். பிறகு அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள்.

"எங்க அம்மை முறை ராத்திரிதான் வரும். மடை தொறந்தா வயல்ல ஆள் நிக்கணும், இல்லேன்னா மேல் வயக்காரன் வரப்பை வெட்டித் தண்ணியத் திருப்பிருவான். அப்பா இருந்தப்ப அவிய நிப்பாக. இப்ப அம்மை ஒத்தையில நிக்க ஏலுமா? அதனால ராத்திரி முறையச் செல்லையா மாமாவுக்கு விட்டுட்டு, பகல்ல அவர் முறையில பாதிய வாங்கிக்கிடுதா. அதுக்கு நடவு நேரம் அவர் வயல்ல இவ எறங்குவா. எங்க ஊர்ல ஆம்பள இல்லாத வீடு அம்புட்டும் இப்படித்தான். சங்கத்துல முறை எங்க அப்பா பேருலதான் இன்னமும் இருக்கு. வெளிய இருந்து வாரவுக அந்தப் பேரப் பாத்துட்டு, இங்க பொம்பளைக்கு வெவசாயமே இல்லேன்னு எழுதிட்டுப் போயிருதாக. திட்டம் போடுதவுக அதவச்சு எங்க அம்மைக்கு ஆடு குடுக்காக. ஆட்ட வச்சு அவ என்ன செய்வா? அவ கேக்கது பகல் முறை."

நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேர்வுத் துறைப் பெண்மணி கையைக் காட்டி நிறுத்தினார். தேர்வு மொழி ஆங்கிலம். நான் தொழில்நுட்பப் பணியாள், மொழிபெயர்ப்பாளன் இல்லை. அதோடு தேர்வரின் ஊர்க்காரன். விதி இடம் கொடுக்காது.

"அவள் பதில் சொல்லிவிட்டாள். கேட்டீர்கள் அல்லவா?" என்றேன்.

"ஒலியைக் கேட்டோம்" என்றார் அந்தப் பெண்மணி. அவர் கெட்டவர் இல்லை. குறிப்பில் அப்படித்தான் எழுதினார்.

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டேன். முதல்வர்தான் எடுத்தார். "நல்லாப் பதில் சொன்னாள் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எழுதியவர் யார் என்பது உறுதிப்படவில்லை என்று முடிவு எழுதினார்கள். தேறவில்லை.

7

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் ரூத்துக்குப் பதினான்கு வயது. தன் பள்ளித் தலைமையாசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். தமிழ் புரியும், பதில் டச்சில்தான் வரும்.

"அந்த அக்கா ஏன் போனைப் பிடுங்கிப் பேசவில்லை?" என்று கேட்டாள்.

"அப்படிப் பிடுங்க முடியாது."

"ஏன்?"

நான் சொன்ன எதுவும் அவளுக்குப் புரியவில்லை. மரியாதை என்றேன், முதல்வர் கையில் இருக்கிற சான்றிதழ் என்றேன், நாளைக்கு அதே பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அப்படியென்றால் அவள்மேலும் தப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"ஏங்க, சின்னப்பிள்ள தெரியாமச் சொல்லுதா" என்றாள் சாராள்.

சின்னப்பிள்ளை சொன்னதைத்தான் குழுவில் பெரியவர்களும் சொன்னார்கள். என் வீட்டுக்குள்ளேயே எங்கள் ஊரை விளக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். இவளை ஒரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விட வேண்டும் என்று கோபத்தில் சொன்னேன். விடமாட்டேன் என்று எனக்கே தெரியும். அங்கே விட்டால் இவளும் தாளில் 'வழி: முதல்வர்' என்று எழுதக் கற்றுக்கொள்வாள்.

8

இத்தோடு முடிந்திருந்தால் ஊமைக் கோபத்தோடு இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் அந்தத் திரையைப் பார்த்தேன்.

பேராசிரியரைப் பார்க்க நேரம் கேட்டேன். இந்த நாட்டில் அடுத்த அறைக்காரரைப் பார்க்கக்கூட நாள் குறிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத்தான் இடம் என்றார் அவருடைய செயலர். காத்திருக்கவில்லை. பேராசிரியர் காப்பி எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அது தங்கமாரி எழுதியது" என்றேன்.

"அப்படி உறுதியாகவில்லையே" என்றார்.

"உறுதியாகாத எழுத்தின் கீழே உங்கள் பெயர் எப்படி வந்தது?"

இரண்டு நிறுவனங்களின் கூட்டுறவில் கிடைத்த விஷயம் அது, அதனால் இரண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் பெயரும் போட்டோம், இதுதான் வழக்கம் என்றார். முதல்வரின் சம்மதம் இருக்கிறது என்றார். நிதானமாகத்தான் சொன்னார். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. நான் உயர்த்தினேன். பாதுகாப்பு ஆள் எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து முதல்வருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, நம்ம காலேஜ் பேரு வெளிநாட்டுப் பாடத்துல வருது. பெருமதான?" என்றார்.

"தங்கமாரி பேர் எங்க சார்?"

"அந்தப் பிள்ளதான் பாஸ் பண்ணலையே. பாஸ் பண்ணாத பிள்ள பேர எப்படிப் போட முடியும்?" என்று பொறுமையாக, எனக்குப் புரியும்படி விளக்கினார்.

தங்கமாரிக்கும் போன் செய்தேன். கூப்பிட்டால் அவள் தெருவின் எஸ்.டி.டி. கடைக்கு வருவாள். செய்தியைச் சொன்னேன்.

"படிக்கிறவுக எம்புட்டுப் பேரு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நெறையப் பேர். பல நாட்டுப் பிள்ளைக."

"பகல் முறையைப் பத்தி இருக்கா அதுல?"

"இருக்கு."

"அப்ப அது நாந்தான்" என்றாள். "திட்டத்துல இந்த வருசக் கடைசி வரைக்கும் பொறுக்கோம்னு சொல்லியிருக்காக. பட்டயம் இல்லேன்னா வேற ஆளு. நீங்க யாருகிட்டயும் சண்ட போட்டு உங்க வேலையக் கெடுத்துக்கிடாதீய." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என் வேலையைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம். நான் கேட்கப்போவது சண்டை இல்லை, ஒரு கேள்விதான். இதன் பிரதி பேராசிரியருக்கும் ஆங்கிலத்தில் போகிறது. நேராகத்தான் அனுப்புகிறேன்.

முதல்வர் அவர்களே, பேராசிரியர் அவர்களே. அந்தப் பாடம் தங்கமாரி எழுதியது என்றால் வருஷம் முடியும் முன் பட்டயத்தை அவள் கையில் கொடுங்கள், அவள் பெயரைப் போடுங்கள். இல்லை, நீங்கள் இருவரும்தான் எழுதினீர்கள் என்றால், எந்தக் கண்மாய், எந்த வயல், உங்கள் முறை எந்த ராத்திரி வந்தது, அதை யாரிடம் விட்டுவிட்டுப் பகல் முறையை வாங்கினீர்கள், யார் வயலில் நடவுக்கு இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், போனும் வேண்டாம். பிளவக்கல் திட்டத்து அதிகாரிகளும், தேவதானம் பக்கத்து ஜனங்களும், தங்கமாரியின் அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் அவளும் கேட்கிற மாதிரி, இதே பத்திரிகையில் இரண்டு பேரும் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்: அதை எழுதியது யார்?